ஏபிடிடி-யில் கால்சியம் ஏன் கடைசியில்? (உறைகாரணிகளும் கால்சியமும்: விவாத இழை)

#1 | சோதனைக்குழாய்37

வணக்கம். உறைதல் சோதனைகளைப் பற்றி ஒரு சந்தேகம். கையேடுகளில் ‘இப்படிச் செய்’ என்று இருக்கிறது, ஏன் என்று இல்லை.

பிடி (புரோத்ராம்பின் டைம்), ஏபிடிடி, த்ராம்பின் டைம் மூன்றும் பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனைகள். பிடி செய்யும்போது த்ராம்போபிளாஸ்டின் (திசுக் காரணியும் கொழுப்பும் சேர்ந்தது) ரீஏஜென்டிலேயே கால்சியம் கலந்திருக்கிறது. ஏபிடிடி-க்கு பிளாஸ்மாவையும் ரீஏஜென்டையும் 37 டிகிரியில் சில நிமிடம் வைத்துவிட்டு அப்புறம்தான் கால்சியம் குளோரைடு. த்ராம்பின் டைமுக்குப் பெரும்பாலான கிட்களில் கால்சியமே கிடையாது, ஆனாலும் கட்டி விழுகிறது. சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நீல மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கிறது என்றால், கடைசிச் சோதனையில் மட்டும் எப்படி உறைகிறது? கால்சியம் எந்தப் புரதத்தில் எங்கே போய் உட்காருகிறது?

#2 | நீலமூடி

உறைதலில் கால்சியம் வேண்டிய படிகளும் உண்டு, வேண்டாத படிகளும் உண்டு. சோதனைகளை அந்த எல்லையைப் பார்த்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

ஏபிடிடி-யின் முதல் கட்டம் தொடர்புச் செயலூக்கம். சிலிக்கா, கயோலின், எலாஜிக் அமிலம் என்று ஏதோ ஒரு எதிர்மின் பரப்பில் காரணி 12 (காரணி என்றால் உறைதல் புரதம், எண் அதன் பெயர்), பிரீகாலிக்ரீன், பெரிய கினினோஜன் மூன்றும் ஒட்டுகின்றன. 12 செயலூக்கம் பெற்று 11ஐ வெட்டுகிறது. இதுவரை கால்சியத்துக்கு வேலை இல்லை. வெட்டுப்பட்ட 11 அடுத்து 9ஐ வெட்ட வேண்டும், அங்கேதான் கால்சியம் இல்லாமல் எல்லாம் நின்றுவிடும். அந்த 3 அல்லது 5 நிமிடத்தில் (கிட்டில் சொன்ன நேரம் எதுவோ அது) எல்லாக் குழாய்களும் அந்த ஒரே நிறுத்தத்துக்கு வந்து காத்திருக்கின்றன. கால்சியம் விழுந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதலிலேயே ஊற்றிவிட்டால் முன்கட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்கட்டமும் ஓடும். ஒரே பிளாஸ்மாவை இரண்டு முறை போட்டால் இரண்டு எண் வரும்.

பிடி-யில் காத்திருக்க எதுவும் இல்லை. திசுக் காரணியும் காரணி 7ம் சேர கொழுப்பும் கால்சியமும் அந்த நொடியே வேண்டும். அதனால் 0.1 மி.லி. பிளாஸ்மாவில் எல்லாம் கலந்த 0.2 மி.லி. ரீஏஜென்ட் நேராக விழுகிறது.

த்ராம்பின் டைமில் த்ராம்பினை நாமே ஊற்றுகிறோம். அது ஃபைப்ரினோஜனை (கட்டியின் மூலப் புரதம்) வெட்டக் கால்சியம் தேவையில்லை. ஏன் தேவையில்லை என்பதை ‘ஒமேகாவளைவு’ வந்து சொல்லட்டும், அது அவர் பேட்டை.

#3 | ஒமேகாவளைவு

வந்துவிட்டேன். முதலில் எழுத்து முறை: ரோமன் எண்ணுக்குப் பதில் சாதா எண் போடுகிறேன். 10ஏ என்றால் செயலூக்கம் பெற்ற 10. காரணி 4 என்ற எண் கால்சியத்துக்கே ஒதுக்கப்பட்டது, ஆனால் அதை யாரும் அப்படி அழைப்பதில்லை.

உறைதலில் வைட்டமின் கே சார்ந்த புரதங்கள் ஏழு: காரணிகள் 2 (புரோத்ராம்பின், த்ராம்பினின் முன்வடிவம்), 7, 9, 10, கூடவே புரதம் சி, எஸ், இசட். இவற்றின் முன்முனையில் ஏறக்குறைய 45 அமினோ அமிலம் நீளத்தில் ஒரு பகுதி. அதில் உள்ள குளூட்டமேட்டுகள் சாதாரண குளூட்டமேட்டுகள் அல்ல. கல்லீரல் செல்லின் எண்டோபிளாச வலைக்குள் ஒரு நொதி ஒவ்வொன்றின் காமா கார்பனிலும் இன்னொரு கார்பாக்சில் தொகுதியை ஒட்டிவிடுகிறது. அதுதான் காமா கார்பாக்சி குளூட்டமேட், சுருக்கமாக ‘கிளா’. புரோத்ராம்பினில் 10, காரணி 7ல் 10, 10ல் 11, 9ல் 12.

ஒரு கார்பாக்சில் மட்டும் இருந்தால் அது கால்சியத்தை மில்லிமோலார் அளவில் உருப்படியாகப் பிடிக்காது. ஒரே கார்பனில் இரண்டு இருந்தால் இடுக்கிபோலப் பிடிக்கும். ஆனால் விஷயம் பிடிப்பதில் மட்டும் இல்லை, பிடித்தபின் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. கால்சியம் இல்லாதபோது அந்தப் பத்துப் பன்னிரண்டு கிளாக்களும் எதிர்மின் சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும். முனையில் உள்ள நீர்விலக்கு அமினோ அமிலங்கள் உள்ளே பதுங்கியிருக்கும். கால்சியம் வந்ததும் இது தலைகீழாகிறது. கிளாக்கள் உள்ளே திரும்பி, வரிசையாக நிற்கும் கால்சியம் அயனிகளைச் சூழ்ந்துகொள்கின்றன. ஃபீனைலலனின் 4, லூசின் 5 போன்ற நீர்விலக்குத் துண்டுகள் ஒரு வளைவாக வெளியே தள்ளப்படுகின்றன. என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்த வளைவு தட்டணுச் சவ்வின் கொழுப்புக்குள் செருகிக்கொள்ளும். புரோத்ராம்பினின் முதல் துண்டைப் படிகமாக்கிப் பார்த்தபோது அந்தப் பகுதியில் மட்டும் 7 கால்சியம் அயனிகள் இருந்தன.

சவ்வின் பக்கமும் ஆயத்தம் வேண்டும். ஓய்வில் உள்ள தட்டணுவில் பாஸ்ஃபாட்டிடில் செரின் உட்புற அடுக்கில் கிடக்கும். தட்டணு தூண்டப்பட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறி, ஸ்கிராம்பிளேஸ் என்ற புரதம் இரண்டு அடுக்கையும் கலக்கிவிட, அந்தக் கொழுப்பு வெளியே வருகிறது. ஆக கால்சியத்துக்கு இரண்டு தனித்தனி வேலைகள்: உள்ளே ஸ்கிராம்பிளேஸைத் திறப்பது, வெளியே கிளா பகுதியை மடிப்பது. ஸ்காட் நோய்க்குறியில் முதலாவது நடக்காது. உறைகாரணி எல்லாம் சரியாக இருக்கும், பிடி, ஏபிடிடி இரண்டும் சரியாக இருக்கும், இரத்தக்கசிவு மட்டும் இருக்கும். நாம் ரீஏஜென்டிலேயே கொழுப்பைக் கொடுத்துவிடுகிறோமே, அதனால் சோதனையில் சிக்காது.

இப்போது த்ராம்பின். புரோத்ராம்பின் வெட்டுப்படும்போது கிளா பகுதி முதல் துண்டோடு போய்விடுகிறது. மிஞ்சும் த்ராம்பினில் சவ்வைப் பிடிக்க ஒன்றும் இல்லை, கரைந்து சுற்றும். அதன் நொதிப் பகுதியில் இருப்பது சோடியம் பிடிக்கும் இடம், கால்சியம் இடம் இல்லை. சிட்ரேட் பிளாஸ்மாவில் த்ராம்பின் டைம் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

#4 | சோதனைக்குழாய்37

நன்றி சார். இரண்டு கேள்வி மிச்சம். மெக்னீசியமும் இரட்டை நேர்மின் அயனிதானே, அது ஏன் இந்த வேலையைச் செய்யவில்லை? கிளா இல்லாத காரணி 5, 8, 13க்குக் கால்சியத்தால் என்ன பயன்?

#5 | ஒமேகாவளைவு

மெக்னீசியம் பிடிக்கும். கிளா பகுதியில் ஓரளவு மடிப்பையும் உண்டாக்கும். ஆனால் தனியாக இருந்தால் அந்த ஒமேகா வளைவு சரியாக வெளியே வராது, சவ்வில் ஒட்டாது. அயனி சிறியது, தன்னைச் சுற்றி ஆறு ஆக்சிஜனை ஒழுங்காக நிறுத்திக்கொள்ளத்தான் அதற்குப் பிடிக்கும். கால்சியம் ஏழு எட்டு ஆக்சிஜனோடு கோணலாகவும் ஒத்துப்போகும். உடலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 7ஏ, 9 ஆகியவற்றின் படிகங்களில் மெக்னீசியத்தையும் உடலில் உள்ள அளவில் சேர்த்துப் பார்த்தால் ஏழு இடங்களில் மூன்றில் மெக்னீசியமும் நான்கில் கால்சியமும் இருக்கும், அப்போது சவ்வில் ஒட்டுவதும் இன்னும் நன்றாக நடக்கும். வெறும் கால்சியம் மட்டும் போட்டுச் செய்த பல பிணைப்பு அளவீடுகள் இதனால் கொஞ்சம் பலவீனமான பிணைப்பையே காட்டின.

கிளாவுக்கு வெளியே உள்ள இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பிடிப்பு இறுக்கம். காரணி 9ன் முதல் ஈஜிஎஃப் பகுதியில் (கிளா பகுதியை அடுத்துள்ள சிறு பகுதி) ஆஸ்பார்ட்டேட் 47, 64 ஆகியவை சேர்ந்து ஒரே ஒரு கால்சியத்தைப் பிடிக்கும். மில்லிமோலாரில் பத்தில் ஒரு பங்கு செறிவிலேயே அந்த இடம் நிரம்பத் தொடங்கிவிடும், ஆகவே இரத்தத்தில் எப்போதும் நிரம்பியே இருக்கும். அதன் வேலை கிளா பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலான மூட்டை விறைப்பாக வைப்பது. 7ஏ, 9ஏ, 10ஏ மூன்றின் நொதிப் பகுதியிலும் ஒரு கால்சியம் வளைவு இருக்கிறது, ட்ரிப்சினில் இருப்பதைப் போலவே.

5ஏ, 8ஏ வேறு கதை. அவை நொதிகள் அல்ல. கன சங்கிலி, இலேசான சங்கிலி என்று இரண்டு துண்டுகள் உலோக அயனியின் உதவியால் ஒட்டிக்கொண்டிருக்கும். இடிடிஏ போட்டுக் கால்சியத்தை உருவினால் 5ஏ-யின் இரண்டு சங்கிலிகளும் பிரிந்துவிடும், வேலை போய்விடும். சவ்வு, கால்சியம், 5ஏ, 10ஏ நான்கும் சேர்ந்த புரோத்ராம்பினேஸ், தனியாக விடப்பட்ட 10ஏ-யைவிட ஏறக்குறைய 3 லட்சம் மடங்கு வேகமாகப் புரோத்ராம்பினை வெட்டும். இந்த நான்கில் எதை எடுத்தாலும் வேகம் பல படி சரியும்.

காரணி 13: த்ராம்பின் வெட்டியபின் ஏ, பி துணை அலகுகள் பிரிவதற்கும் நொதி திறப்பதற்கும் கால்சியம் வேண்டும். ஃபைப்ரினோஜனிலும் இறுக்கமான கால்சியம் இடங்கள் உள்ளன. வெட்டுக்கு அவை வேண்டாம், ஆனால் இழைகள் பக்கவாட்டில் சேர்ந்து தடிப்பதற்கும் பிளாஸ்மின் (கட்டியைக் கரைக்கும் நொதி) அரிக்காமல் காப்பதற்கும் உதவும். த்ராம்பின் டைமில் விழும் கட்டி குறுக்குப்பிணைப்பு இல்லாத நொய்ந்த கட்டி, 5 மோலார் யூரியாவில் கரைந்துவிடும். காரணி 13 குறைபாட்டுக்கான யூரியா சோதனையில் கட்டியைக் கால்சியம் போட்டே உண்டாக்க வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். த்ராம்பின் மட்டும் ஊற்றிச் செய்தால் ஆரோக்கியமானவரின் கட்டியும் கரைந்து பொய்க் குறைபாடு காட்டும்.

#6 | பாலும்பனையும்

துறைக்கு வெளியே உள்ளவன். கால்சியம் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் இரத்தம் கெட்டியாகி அடைப்பு வருமா? எங்கள் பக்கம் அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைப்பார்கள், அதுவும் இந்தக் கால்சியம் விஷயம்தானா?

#7 | நீலமூடி

மாத்திரையால் இரத்தத்தின் அயனிக் கால்சியம் உறைதலை மாற்றுகிற அளவுக்கு நகராது. பாராதைராய்டு சுரப்பி அதை 1.1 முதல் 1.3 மில்லிமோலாருக்குள் பிடித்து வைத்திருக்கும். உறைதலுக்கு அது போதும், அதற்கு மேல் போவதால் வேகம் கூடிக்கொண்டே போவதில்லை.

சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அட்டையின் உமிழ்நீரில் உள்ளது த்ராம்பினையே அடைக்கும் புரதம். அங்கே கால்சியத்துக்குப் பஞ்சம் இல்லை, கொட்டினாலும் அடைப்பு விலகாது. சுண்ணாம்பின் காரம் பட்டதும் அட்டை விழுகிறது, அவ்வளவுதான். காயத்தில் வைத்தால் தோல் வெந்துபோகும்.

#8 | இரவுப்பணி

அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரிய குழப்பம்.

இரத்தம் நிறைய ஏற்றும்போது கூடவே சிட்ரேட்டும் ஏறுகிறது. பையிலுள்ள சிட்ரேட் பெரும்பாலும் பிளாஸ்மாவோடு போவதால் சிவப்பணுப் பையைவிட எஃப்எஃப்பி (உறைய வைத்த பிளாஸ்மா), தட்டணுப் பைகளில்தான் சுமை அதிகம். கல்லீரல் அதை எரித்துவிடும். ஆனால் அதிர்ச்சி நிலையில் கல்லீரலுக்கு இரத்தம் குறைவு, உடம்பு குளிர்ந்திருந்தால் இன்னும் மெதுவு. அயனிக் கால்சியம் 0.9 மில்லிமோலாருக்குக் கீழே போகும்.

அப்போது கசிவு அதிகமாகிறதே என்று பிடி, ஏபிடிடி அனுப்பினால் கால்சியக் குறை அதில் தெரியாது. குழாயில் சிட்ரேட் போட்டு இருந்த கால்சியத்தை எல்லாம் பிடித்துவிட்டு, கருவியில் நாமே தாராளமாகக் கால்சியம் ஊற்றுகிறோம். த்ராம்போஎலாஸ்டோகிராபியிலும் (முழு இரத்தம் கட்டியாவதை அளக்கும் சோதனை) இதே கதை: 340 மைக்ரோலிட்டர் சிட்ரேட் இரத்தத்துக்கு 0.2 மோலார் கால்சியம் குளோரைடு 20 மைக்ரோலிட்டர், அதாவது 11 மில்லிமோலார். நோயாளியின் 0.7 அங்கே காணாமல் போய்விடும். ஆகவே அயனிக் கால்சியத்தை இரத்த வாயுக் கருவியில் தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தக் கால்சியமும் ஏமாற்றும், சிட்ரேட்டோடு கட்டுண்டதும் அதில் சேர்ந்துவிடும்.

10 சதவீதக் கால்சியம் குளோரைடு 10 மி.லி.யில் தனிமக் கால்சியம் ஏறக்குறைய 270 மி.கி. அதே அளவு குளுக்கோனேட்டில் 93 மி.கி.தான். ‘ஒரு ஆம்பூல்’ என்று மட்டும் சொன்னால் மூன்று மடங்கு வித்தியாசம். குளோரைடு சிரைக்கு வெளியே கசிந்தால் திசு அழுகும், நடுச்சிரை வழிதான் நல்லது. எதுவாக இருந்தாலும் இரத்தப் பை ஓடும் அதே குழாயில் கொடுக்காதீர்கள். சிட்ரேட்டை மிஞ்சிய இடத்தில் குழாய்க்குள்ளேயே கட்டி விழும். பைகார்பனேட் ஓடும் குழாயிலும் கூடாது, வெள்ளையாகப் படியும்.

#9 | மையவிலக்கு

ஒரு மறுப்பு. கால்சியம் குறைந்து இரத்தம் உறையாமல் போனதாக எங்கேயும் நடக்காது, அதற்கு முன்பே இதயம் நின்றுவிடும் என்றுதான் பாடம். 0.9, 0.7 என்றெல்லாம் சொல்லி உறைதலைக் கெடுக்கிறது என்பது மிகை இல்லையா?

#10 | இரவுப்பணி

முழுதாக உறையாமல் போக எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு நேரடி அளவு டயாலிசிஸில் இருக்கிறது. சிட்ரேட் போட்டுச் சுற்றை மட்டும் உறையாமல் காக்கும் முறையில், வடிகட்டிக்குப் பின்னால் எடுத்த இரத்தத்தில் அயனிக் கால்சியம் 0.25 முதல் 0.35 மில்லிமோலார் வரை இருக்கும்படி ஓட்டுவார்கள். அந்த அளவில்தான் வடிகட்டி நாள்கணக்கில் அடைபடாமல் இருக்கும். நோயாளியின் உடலில் அதே நேரம் 1.0க்கு மேல் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சொன்னபடி இதயம். (மொத்தக் கால்சியத்தை அயனிக் கால்சியத்தால் வகுத்தால் 2.5க்கு மேல் போகிறதென்றால் கல்லீரல் சிட்ரேட்டைச் சமாளிக்கவில்லை என்று பொருள், உடனே குறைக்க வேண்டும்.)

ஆக, கால்சியத்தால் மட்டும் உறைதல் நின்றுபோவது உயிருள்ள உடலில் நடக்காது. அந்த அளவுக்குப் பாடம் சரி. ஆனால் நம் நோயாளிக்குக் கால்சியம் தனியாகக் குறையவில்லையே. அமிலத்தன்மை, குளிர், நீர்த்த காரணிகள் எல்லாம் கூடவே இருக்கின்றன. அந்த நிலையில் 0.9க்குக் கீழே விட்டுவைக்க எனக்கு மனம் வராது. உறைதலுக்காக இல்லாவிட்டாலும் இரத்த அழுத்தத்துக்காகவாவது திருத்த வேண்டியதுதான்.

#11 | ஒமேகாவளைவு

வேதியியலும் இதற்கு ஒத்துப்போகிறது. கிளா இடங்களின் சராசரிப் பிணைப்பு மாறிலி மில்லிமோலாருக்கு ஒட்டிய அளவு, ஒன்று பிடித்தால் அடுத்தது எளிதாகப் பிடிக்கும் கூட்டுப் பிணைப்பு. அதனால் 1.2லிருந்து 0.9க்கு இறங்கினால் சிறிய சரிவு, அதற்குக் கீழே செங்குத்து.

#12 | நீலமூடி

இனி சிட்ரேட் கணக்கு. தவறான ஏபிடிடி பெரும்பாலும் இங்கே பிறக்கிறது.

குழாயில் 3.2 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் (0.109 மோலார்) 0.3 மி.லி., இரத்தம் 2.7 மி.லி. ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 45 என்றால் பிளாஸ்மா ஏறக்குறைய 1.5 மி.லி.; சிட்ரேட் பிளாஸ்மாவில்தான் தங்கும், ஆகவே அங்கே செறிவு 18 மில்லிமோலார். ஏபிடிடி-யில் பிளாஸ்மா, ரீஏஜென்ட், 0.025 மோலார் கால்சியம் குளோரைடு மூன்றும் தலா 0.1 மி.லி. மூன்றில் ஒரு பங்காக நீர்த்தபின் சிட்ரேட் 6, கால்சியம் (பிளாஸ்மாவில் முன்பே இருந்ததும் சேர்த்து) 9. கால்சியம் 3 மில்லிமோலார் மிஞ்சுகிறது, உறையும்.

பாதிக் குழாய் இரத்தம் வந்தால்? பிளாஸ்மா 0.75, சிட்ரேட் அதே 0.3. செறிவு 31க்குப் போய்விடும், சோதனையில் 10க்கு மேல். நீங்கள் ஊற்றும் கால்சியத்தைவிடச் சிட்ரேட் அதிகம். அத்தோடு பிளாஸ்மாவும் கூடுதலாக நீர்த்திருக்கிறது. நேரம் நீளும், நோயாளிக்குக் காரணிக் குறைபாடு என்று அறிக்கை போகும். கோடு வரை 90 சதவீதமாவது நிரம்பாத குழாயைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

ஹீமட்டோக்ரிட் 55ஐத் தாண்டினால் (பிறவி இதயக் கோளாறுள்ள நீலக் குழந்தைகள், சிவப்பணு மிகுதியான பாலிசைதீமியா) குழாய் முழுதாக நிரம்பினாலும் இதே சிக்கல்தான், பிளாஸ்மா குறைவாயிற்றே. சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். 0.00185ஐ (100 கழித்தல் ஹீமட்டோக்ரிட்) என்பதால் பெருக்கி, அதை இரத்தத்தின் மி.லி.யால் பெருக்குங்கள். 60 என்றால் 0.00185 × 40 × 2.7 = 0.2 மி.லி. குழாயைத் திறந்து 0.1 மி.லி. சிட்ரேட்டை எடுத்துவிட்டு, சிரிஞ்சில் எடுத்த இரத்தம் 2.7 மி.லி. விட்டு மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வெற்றிடம் போய்விட்டதால் ஊசிவழி நேரே உறிஞ்ச விடக்கூடாது.

#13 | மையவிலக்கு

குறைவாக நிரம்பிய குழாயில் பிடி சரியாகவே வருகிறதே? அதை நம்பி ஏபிடிடி-யையும் அறிக்கையில் போடுபவர்கள் உண்டு.

#14 | நீலமூடி

பிடி-யில் ரீஏஜென்ட் இரண்டு பங்கு, பிளாஸ்மா ஒரு பங்கு. கால்சியம் ரீஏஜென்டோடேயே வருகிறது, கொஞ்சம் தாராளமாக. சிட்ரேட் கூடினாலும் ஓரளவு தாங்கும். ஏபிடிடி அப்படித் தாங்காது. பிடி சரி என்பது குழாய் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

இன்னொரு பொறி: ஊதா மூடிக் குழாயின் (பொட்டாசியம் இடிடிஏ உள்ளது) இரத்தத்தை நீலக் குழாயில் ஊற்றிக் ‘கோடு வரை’ நிரப்புவது. இடிடிஏ கால்சியத்தைச் சிட்ரேட்டைவிடப் பல மடங்கு இறுகப் பிடிக்கும். காரணி 5, 8 இரண்டும் மிகக் குறைவாக வரும், நல்ல பிளாஸ்மாவோடு கலந்து பார்க்கும் கலவைச் சோதனையிலும் திருந்தாது, தடுப்பான் இருப்பது போலவே தெரியும். சந்தேகம் வந்தால் அதே பிளாஸ்மாவில் பொட்டாசியமும் கால்சியமும் ஓட்டிப் பாருங்கள். பொட்டாசியம் வானத்தில், கால்சியம் சாதாரண சிட்ரேட் பிளாஸ்மாவைவிடவும் கீழே என்றால் மாதிரியைத் தூக்கிப் போடலாம். குழாய் எடுக்கும் வரிசையில் நீலம் முன்னாலும் ஊதா பின்னாலும் வருவது இதற்காகத்தான்.

#15 | சோதனைக்குழாய்37

உறைதலைக் குறைக்கக் கொடுக்கும் மருந்தான வார்ஃபரின் இதில் எங்கே வருகிறது? அது கால்சியத்தைத் தொடுவதே இல்லையே.

#16 | ஒமேகாவளைவு

தொடுவதில்லை. கிளா உண்டாவதைத் தடுக்கிறது. கார்பாக்சில் ஒட்டும் ஒவ்வொரு முறையும் ஒடுக்கப்பட்ட வைட்டமின் கே, எபாக்சைடாக மாறுகிறது. அதைத் திருப்பி எடுக்கும் நொதியை வார்ஃபரின் அடைக்கிறது. கல்லீரல் புரதத்தை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, அளவும் ஏறக்குறைய அதேதான், ஆனால் கிளா குறைவு. கால்சியம் வந்தாலும் மடிய வழியில்லை, சவ்வில் ஒட்டாது. வார்ஃபரின் இனத்தைச் சேர்ந்த டைக்குமரால் கொடுத்த மாட்டின் புரோத்ராம்பினையும் சாதாரண புரோத்ராம்பினையும் ஒப்பிட்டுத்தான் 1974ல் கிளாவைக் கண்டுபிடித்தார்கள்; ஸ்டென்ஃப்லோ, நெல்செஸ்டூவன், மாக்னுசன் ஆகியோரின் குழுக்கள். அதுவரை தப்பியதற்குக் காரணம் சுவையானது. புரதத்தைப் பிரிக்க எல்லோரும் கொதிக்கும் அமிலத்தில் போட்டார்கள், அந்தச் சூட்டில் கூடுதல் கார்பாக்சில் கழன்று சாதா குளூட்டமேட்டாகிவிடும். காரத்தில் போட்டால்தான் கிளா கிளாவாக நிற்கும்.

பழைய ஆய்வகங்களில் பேரியம் சல்பேட் போட்டுப் பிளாஸ்மாவிலிருந்து 2, 7, 9, 10ஐ உறிஞ்சி எடுப்பார்களே, அதுவும் கிளாவின் வேலைதான். கிளா இல்லாத புரோத்ராம்பின் பேரியத்தில் ஒட்டாமல் மேலே நின்றுவிடும்.

ஒரு அபூர்வம்: காரணி 9ன் முன்னொட்டுத் துண்டில், கழித்தல் 10ஆம் இடத்தில் உள்ள அலனின் மாறியவர்களுக்கு வார்ஃபரின் கொடுத்தால் 9 மட்டும் படுபாதாளத்துக்குப் போகும். ஐஎன்ஆர் இலக்கிலேயே இருக்கும் (அது பிடி-யிலிருந்து வரும் எண், பிடி-க்கு 9 தெரியாது), இரத்தம் கசியும், ஏபிடிடி விகிதமில்லாமல் நீளும். கார்பாக்சில் நொதி அந்தத் துண்டைப் பிடித்துத்தான் புரதத்தை அடையாளம் காண்கிறது, அந்தப் பிடிப்பு தளர்ந்தால் வைட்டமின் கே குறைவான நேரத்தில் முதலில் அடிபடுவது அதுதான். ஈஜிஎஃப் பகுதியின் கால்சியம் இடம் கெட்டாலும் ஹீமோஃபீலியா பி (காரணி 9 குறைபாடு) வரும். ஆஸ்பார்ட்டேட் 47 கிளைசினாக மாறிய ‘காரணி 9 அலபாமா’ அந்த வகை.

#17 | பனங்கொட்டை

நல்ல இழை. புடையன் கடியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை எண்டதால நான் எழுதுறன் (தமிழ்நாட்டிலை கண்ணாடி விரியன் எண்டு சொல்லுவினம்). இந்தக் கால்சியம் கதைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த விடத்திலை காரணி 10ஐ நேராக வெட்டுற ஒரு புரதம் இருக்கு. வெட்டுற சங்கிலி ஒண்டு, லெக்டின் மாதிரியான சின்னச் சங்கிலி இரண்டு. சின்னச் சங்கிலிகள் தேடிப் பிடிக்கிறது 10இன்ரை கிளா பகுதியை, அதுவும் கால்சியம் பிடிச்சு மடிஞ்ச வடிவத்தை மட்டும். ஆகவே இந்த விடத்துக்குக் கால்சியம் கட்டாயம் வேணும். சிட்ரேட் குழாயிலை விடத்தை விட்டால் 10 வெட்டுப்படாது, கால்சியம் சேர்த்தால் உடன வெட்டுப்படும். லூப்பஸ் தடுப்பான் எண்ட, கொழுப்பைச் சார்ந்த சோதனைகளை நீட்டுற எதிர்ப்பொருளுக்குச் செய்யிற விரியன் விடச் சோதனையிலை ரீஏஜென்டுக்குள்ள கால்சியமும் அளவான கொழுப்பும் இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

கடிச்ச ஆளுக்கு நடக்கிறது என்னவெண்டால் காரணிகள், ஃபைப்ரினோஜன் எல்லாம் எரிஞ்சு முடியிறது. கன பேர் கேக்கிறவை, கால்சியம் குளுக்கோனேட் ஏத்தலாமோ எண்டு. கால்சியம் குறையேல்லை, குறைஞ்சது ஃபைப்ரினோஜன். விடமுறி மருந்து விடத்தைத்தான் பிடிக்கும், காரணிகளை ஈரல் திரும்பச் செய்ய மணித்தியாலக் கணக்கிலை எடுக்கும். அதனாலைதான் 20 நிமிடச் சோதனையை ஆறு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்காச் செய்யிறது.

சோதனை இதுதான்: சுத்தமான, காய்ஞ்ச, சாதாரணக் கண்ணாடிக் குழாயிலை 2 மி.லி. இரத்தம், எந்த மருந்தும் இல்லை, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைச்சுப் பிறகு ஒருக்காச் சரிச்சுப் பாக்கவேணும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயும் கூடாது. தொடர்புச் செயலூக்கத்துக்குக் கண்ணாடிப் பரப்பு வேணும், அது கெட்டால் ஒண்டுமில்லாத ஆளுக்கும் உறையாமல் நிண்டு வீணாக விடமுறி ஏத்தவேண்டி வரும்.

#18 | மையவிலக்கு

சுருட்டை விரியனுக்கும் இதே கணக்கா?

#19 | பனங்கொட்டை

இல்லை தம்பி, அதிலை எகாரின் எண்ட இன்னொரு புரதம். அது புரோத்ராம்பினை நேராக வெட்டும்; கால்சியம் வேண்டாம், கொழுப்பு வேண்டாம், காரணி 5ம் வேண்டாம். கிளா பகுதியை அது பாக்கிறதேயில்லை. அதனாலை வார்ஃபரின் எடுக்கிற ஆளின்ரை கிளா குறைஞ்ச புரோத்ராம்பினையும் வெட்டிப்போடும், சிட்ரேட் குழாயுக்குள்ளையும் வெட்டும்.

#20 | நீலமூடி

அப்படியானால் எகாரின் டைமையும் பிடி-யையும் ஒரே பிளாஸ்மாவில் போட்டால், புரோத்ராம்பின் உண்டாகவில்லையா, அல்லது உண்டாகிக் கிளா இல்லாமல் இருக்கிறதா என்று பிரித்துவிடலாம். கல்லீரல் செயலிழப்பில் இரண்டும் நீளும். வைட்டமின் கே குறைவில் பிடி மட்டும் நீளும், எகாரின் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

#21 | சோதனைக்குழாய்37

கடைசியாக ஒன்று. 0.025 மோலார் கால்சியம் குளோரைடை நாமே கரைத்தால் என்ன கவனிக்க வேண்டும்? பஃபர் எது?

#22 | ஒமேகாவளைவு

புட்டியின் சீட்டில் நீரற்றதா, டைஹைட்ரேட்டா என்று முதலில் பாருங்கள். லிட்டருக்கு நீரற்றது 2.78 கிராம், டைஹைட்ரேட் 3.68 கிராம். டைஹைட்ரேட்டை 2.78 என்று நிறுத்தால் கரைசல் 0.019 மோலார்தான், நீலமூடி போட்ட கணக்கில் மிச்சம் 3 மில்லிமோலார் என்பது ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும், கட்டுப்பாட்டுப் பிளாஸ்மாவே நீளும். நீரற்றது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், திறந்து பழகிய புட்டியை எடையை நம்பி எடுக்க வேண்டாம். செறிவு கூடினாலும் நல்லதல்ல, அளவுக்கு மீறிய கால்சியமும் உறைதலை மெதுவாக்கும்.

வெறும் காய்ச்சி வடித்த நீரிலேயே கரையுங்கள். பிளாஸ்மாவையோ சுத்திகரித்த காரணியையோ நீர்க்க வேண்டுமென்றால் இமிடசோல், ஹெப்பஸ், ட்ரிஸ் எதுவும் சரி. பாஸ்ஃபேட் பஃபர் மட்டும் வேண்டாம், கால்சியம் பாஸ்ஃபேட்டாகப் படிந்து செறிவு இறங்கும். ஒளிவழி கருவியானால் அந்தக் கலங்கலையே கட்டி என்று எண்ணி நேரத்தை நிறுத்தியும்விடும்.

#23 | நீலமூடி

37 டிகிரிக் குழியில் காலையில் வைத்த கால்சியத்தை மாலை வரை ஓட்டாதீர்கள். ஆவியாகிச் செறிவு ஏறும். தேவையான அளவு மட்டும் எடுத்து வையுங்கள், மீதியைப் புட்டியில் திருப்பி ஊற்ற வேண்டாம்.